இனிப்புக் கடைத் தட்டுக்குத் தேதி வேண்டும், முதியோர் இல்லக் குருமாவுக்கு வேண்டாமா?



கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், உறவினர் ஒருவரைச் சேர்த்திருக்கும் முதியோர் இல்லத்தின் சமையலறையைப் பார்க்க நேர்ந்தது. பிரிட்ஜில் கல்யாண மண்டபத்திலிருந்து வந்த குருமா ஒரு வாளி நிறைய. பக்கத்தில் மூடாத கிண்ணத்தில் தேங்காய்ச் சட்னி. கதவுத் தட்டில் இன்சுலின். எதன் மேலும் தேதி இல்லை. கேட்டதற்கு, "மோந்து பாத்தாலே தெரிஞ்சிடும் சார், சுட வச்சுத்தான் குடுக்கிறோம்" என்றார் சமையல்கார அம்மா. அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியில் ஆறிக் கிடக்கும் சோற்றில் பெருகும் சில கிருமிகளின் நஞ்சுக்கு வாடை கிடையாது. மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், 5 டிகிரிக்குக் கீழோ 60 டிகிரிக்கு மேலோ வையுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மின்வெட்டு வந்தால் அந்த பிரிட்ஜ் வெறும் அலமாரிதான்.

விதி இல்லாமல் இல்லை. உதிரி இனிப்புகளை எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும்; 2020 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். மிச்ச உணவைத் தானம் செய்வதற்கான 2019ஆம் ஆண்டு விதிமுறைகளும் சமைத்த தேதி, காலாவதித் தேதி இரண்டையும் கேட்கின்றன. கேட்பாரில்லை, அவ்வளவுதான்.

2022 அக்டோபரில் திருப்பூர் மாவட்டம் திருமுருகன்பூண்டியில், காப்பக உணவு சாப்பிட்ட மூன்று சிறுவர்கள் இறந்த பிறகுதான் அந்தக் காப்பகத்தை மூட உத்தரவு வந்தது. 2021 டிசம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூந்தமல்லி அருகே விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் நெடுஞ்சாலையை மறித்ததால் நாடே திரும்பிப் பார்த்தது. கட்டிலை விட்டு எழ முடியாத பெரியவர்கள் எந்தச் சாலையை மறிப்பார்கள்?

உணவுப் பாதுகாப்புத் துறை, சாவு விழும்வரை காத்திராமல், இல்லங்களின் சமையலறைகளை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். அறிக்கையை வாசலில், உறவினர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். சமைத்த நேரம் எழுதாத உணவை, எவ்வளவு பெரிய மனிதர் அனுப்பினாலும், இல்லங்கள் வாங்கக் கூடாது. இதற்குத் தேவை ஒரு பேனாவும் நாலு ஸ்டிக்கரும். நிதி ஒதுக்கீடு இல்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆரம்பாக்கம்.