அயலான் எண்ணெய்க்கு நம் பணமா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் எனத் தென்சென்னைப் புறநகர் எங்கணும் உள்ள பங்கீட்டுக் கடைகளில், திங்கள்தோறும் குடும்ப அட்டை ஒன்றுக்கு ஓர் இலிட்டர் எண்ணெய் 25 உருபாவுக்கு வழங்கப்பெறுகின்றது. 2007-ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புப் பொதுவழங்கல் திட்டம் அது. கொள்முதல் விலைக்கும் 25 உருபாவுக்கும் இடைப்பட்ட பள்ளத்தைத் தமிழக அரசு நம் வரிப்பணத்தைக் கொட்டி நிரப்புகின்றது. ஏழையின் அடுப்பெரிய அரசு பணம் தருவதை நாம் குறைகூறவில்லை, தரத்தான் வேண்டும். ஆனால் அந்த நெகிழி உறைக்குள் இருப்பது யார் நிலத்து எண்ணெய்?

'பாமாயில்' என்று நாம் வாய்கூசாமல் சொல்லும் அதனை மலேசியத் தமிழர் 'செம்பனை எண்ணெய்' என்கின்றனர். நம்மவர் கூலிகளாகக் கப்பலேறிச் சென்று வியர்வை சிந்திய தோட்டங்களில் விளைந்தது அது. பெயரைக்கூட அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளாத நாம், எண்ணெயை மட்டும் அந்நாட்டிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக இறக்கிக்கொள்கின்றோம்!

தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் செங்கற்பட்டைக் கடந்து சென்றால் திண்டிவனம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை வகைகள் அவ்வூர்ப் பெயரின் எழுத்துகளையே தாங்கி இந்தியா முழுதும் பரவின. அத்தகைய மண்ணில் கடலை பயிரிட்ட உழவன் இன்று விலையின்றித் தவிக்கின்றான். கடலையின் பயன் எண்ணெயோடு முடிவதன்று. ஆட்டிய பின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்குத் தீனி, கடலைக்கொடியும் தீனி, வேர்முடிச்சுகள் காற்றின் வெடியத்தை மண்ணுக்கு உரமாக்குகின்றன. பறிக்கவும் உடைக்கவும் ஆட்டவும் ஊர்ப்பெண்டிர்க்கும் செக்காடுவோர்க்கும் கூலி கிடைக்கின்றது. கப்பலில் வரும் எண்ணெயோடு பிண்ணாக்கு வருவதில்லை; கூலியும் வருவதில்லை.

இந்நிலை தானாக வந்ததன்று. 1986-இல் எண்ணெய்வித்து இயக்கம் தொடங்கப்பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் எண்ணெய்த் தேவையில் மிகச் சிறு பங்கே வெளியிலிருந்து வந்தது. பின்னர்த் தில்லி கதவைத் திறந்தது. 1994-இல் 65 விழுக்காடாக இருந்த செம்பனை எண்ணெய்த் தீர்வை 1995-இல் 30-ஆகவும், 1998-இல் 15-ஆகவும் இறங்கியது. இடையில் ஏறியது, 2008-இல் கச்சா எண்ணெய்க்கு அடியோடு நீக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே, இறக்குமதி எண்ணெயைப் பங்கீட்டுக் கடையில் விற்கும் மாநிலங்களுக்குக் கிலோவுக்கு 15 உருபா தருவதாக நடுவணரசு திட்டம் வகுத்தது. உற்றுநோக்குங்கள்: இறக்குமதி எண்ணெய்க்கே அந்த 15 உருபா! திண்டிவனத்துக் கடலை எண்ணெய்க்கு அன்று. 2013 வரை அது நடந்தது. 2021-இல் அடிப்படைத் தீர்வை மீண்டும் சுழியாயிற்று. 2024 செப்டம்பரில் 20 விழுக்காடாயிற்று. 2025 மே இறுதியில் 10-ஆகக் குறைக்கப்பெற்றது. விதைக்கும்போது ஒரு தீர்வை, அறுக்கும்போது ஒரு தீர்வை எனின், எந்த உழவன் எதை நம்பி விதைப்பான்? இன்று இந்தியா தன் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியில் வாங்குகின்றது. 2022-23 எண்ணெய் ஆண்டில் மட்டும் 160 இலக்கம் டன்னுக்கு மேல் வந்திறங்கியது.

உலக வணிக அமைப்பு கையைக் கட்டிவிட்டது என்று தில்லியார் கூறுவர். சோயா எண்ணெய்க்கு 45 விழுக்காட்டுக்கு மேல் தீர்வை விதிக்க இயலாது என்பது மெய்யே. ஆனால் செம்பனை எண்ணெய்க்கு 300 விழுக்காடு வரை விதிக்க அவ்வமைப்பே இசைந்துள்ளதே! இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாதவர் இல்லாத உரிமைக்காக அழுவதேன்?

பிற நாடுகள் செய்வதைப் பாருங்கள். வணிகத்தைத் திரிக்கும் உழவு நல்கைகளை ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை வழங்க அமெரிக்காவுக்கு அவ்வமைப்பில் இசைவுண்டு. இந்தியாவுக்கோ, விளைபொருள் மதிப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் அத்தகைய இசைவு சிறிதும் இல்லை. சீனத்தோடு வணிகப்போர் தொடுத்து 2018-லும் 2019-லும் விலை வீழ்ந்தபோது, அமெரிக்க அரசு தன் உழவர்க்கு, அவருள்ளும் சோயா உழவர்க்கே மிகுதியாக, 2,000 கோடி டாலருக்கு மேல் அள்ளிக்கொடுத்தது. எல்லா நாடும் தன் உழவனுக்கு நல்கை தருகின்றது. நாமோ அயல்நாட்டுத் தோட்ட முதலாளியின் சரக்கு நம்மூரில் விலைபோக நல்கை தருகின்றோம்.

இதில் தமிழகத்தின் நிலை இரங்கத்தக்கது. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 14-ஆம் எண்ணில் வேளாண்மை உளது. நடுவண் பட்டியலில் 83-ஆம் எண்ணில் சுங்கத் தீர்வை உளது. பயிர் நமது, பயிரின் விலையை முடிவுசெய்யும் கோல் தில்லியினது! அக்கோல் நம் கைக்கு வரும்வரை வாளா இருப்பதா?

கடலை எண்ணெய் விலை மிகுதி, போதிய அளவு கிடைக்காது என்பர் அலுவலர். எண்ணெய் விலையை மட்டும் கணக்கிட்டால் மிகுதிதான்; பிண்ணாக்கையும் கூலியையும் மண்வளத்தையும் கணக்கில் சேர்த்தவர் யார்? கொள்வார் இல்லாதபோது விளைச்சல் பெருகுவது எங்ஙனம்? ஒரே நாளில் எல்லாக் கடையிலும் மாற்றுக என்று நாம் கூறவில்லை. மேலை மாவட்டத்துத் தென்னை உழவர், பங்கீட்டுக் கடையில் தேங்காயெண்ணெய் வழங்குக என்று ஆண்டுக்கணக்காகப் போராடி வருகின்றனர். அங்கே தேங்காயெண்ணெய் வழங்குக. செங்கற்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கடலை எண்ணெய் வழங்குக. இதற்குத் தில்லியின் இசைவு வேண்டுவதில்லை. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அடுத்து வெளியிடும் கொள்முதல் ஒப்பந்த அறிவிப்பில், செம்பனை எண்ணெயின் அளவைக் குறைத்து, தமிழக உழவர் கூட்டுறவுகளிடமிருந்து கடலை எண்ணெய் வாங்க ஒரு வரி சேர்த்தாற் போதும். தாம்பரத்துத் தோழர்கள் அவரவர் பங்கீட்டுக் கடையில் குடும்ப அட்டையாளரிடம் கையொப்பம் பெற்று, அந்த ஒரு வரியைக் கேட்டு உணவு அமைச்சருக்கு விடுப்பார்களாக.