பிள்ளை பேரைக் கேட்டு முகம் சுளிக்கலாமா?

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள்.

"ஆணா, பெண்ணா?" என்பது முதல் கேள்வி. "என்ன பேர்?" என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், வம்பு வந்து திண்ணையில் உட்கார்ந்து கொள்ளும்!

தாத்தாவின் பேரை வைத்தால், "இந்தக் காலத்தில் போய் மாடசாமியா?" என்பார்கள். புதுப்பேர் வைத்தால், "வாயில் நுழையவில்லையே" என்பார்கள். தூய தமிழில் வைத்தால், "நீங்கள் எந்தக் கட்சி?" என்பார்கள். வடமொழிப் பேர் வைத்தால், "தமிழில் பேரே கிடைக்கவில்லையா?" என்பார்கள். சாமி பேருக்கு ஒரு சொல். தலைவர் பேருக்கு ஒரு சொல்.

கோவில்பட்டிப் பக்கம் குழந்தையைத் தொட்டிலில் போடும் நாளில் இப்படிப் பேச்சு நடக்கும்:

"ஏ மதினி, பிள்ளைக்கு என்ன பேரு?"

"யாழினி."

"யானையா? நல்லாத்தான் இருக்கு! ஏன் மதினி, உங்க மாமியா பேரு என்ன குறைஞ்சா போச்சு?"

வந்தவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். பெற்றவள் மட்டும் சிரிக்க மாட்டாள். சிரித்தாலும் அது உதட்டுச் சிரிப்பு. அன்று இரவு புருஷனிடம், "பேரை மாத்திடலாமா?" என்று கேட்பாள்.

ஒரு விநாடி வேடிக்கைப் பேச்சு, ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுத்து விடுகிறது.

பேர் வீட்டுச் சொத்து

பேர் என்பது சும்மா கூப்பிடுவதற்கு மட்டும் உள்ள சொல் அல்ல. அது ஒரு குடும்பத்தின் நினைவு.

பேரன் என்ற சொல்லையே பாருங்கள். பாட்டனின் பெயரைத் தாங்கி வருகிறவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. பாட்டியின் பெயரைத் தாங்கி வருகிறவள் பெயர்த்தி. அதுவே பேத்தி ஆயிற்று. செத்துப் போன பெரியவர் பேர் வழியாகத் திரும்பி வருகிறார் என்பது தமிழர் வீட்டு நம்பிக்கை.

மாமனார் பேரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற வழக்கமும் உண்டு. அதனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர் என்று எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு வகைப் பேரும் உண்டு. முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவது குழந்தையைக் குப்பை மேட்டில் கிடத்தி எடுத்து, குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பேர் வைப்பார்கள். பிச்சை என்றும் வைப்பார்கள். மட்டமான பேராக இருந்தால் எமன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நினைத்தார்கள்.

குப்பம்மாள் என்ற பேரைக் கேட்டுச் சிரிக்கிறவருக்கு, அந்தப் பேருக்குப் பின்னால் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் நிற்பது தெரியாது.

விஷயம் இதுதான். பேரைக் கேட்கிறவருக்குக் கதை தெரியாது. கதை தெரியாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஊமை என்ற பேர்

இதற்குக் கரிசல் காட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாஞ்சாலங்குறிச்சிதான் அது.

வீரபாண்டிய கட்டபொம்மனைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவரைத் தூக்கில் போட்டார்கள். அவருடைய தம்பியை ஊர் எப்படி அழைத்தது? ஊமைத்துரை என்று அழைத்தது!

குமாரசாமி என்பது அவருடைய இயற்பெயர் என்பார்கள். ஆனால் குமாரசாமி என்றால் இன்று யாருக்கும் தெரியாது. ஊமைத்துரை என்றால்தான் தெரியும்.

ஊமை என்பது பெருமைப் பேரா? இல்லை. தெருவில் பிள்ளைகள் கேலி செய்யக் கூடிய பேர். ஆனால் அந்த மனிதர் என்ன செய்தார்? 1801-ம் ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் மறுபடியும் எழுப்பினார். கம்பெனிப் படை அதைப் பிடிக்க மே மாதம் வரை போராட வேண்டியிருந்தது.

அவரை எதிர்த்துச் சண்டை போட்ட வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, பின்னாளில் அவரைப் புகழ்ந்து எழுதினார். ஊமைத்துரை கையை அசைத்தால் போதும், அவருடைய ஆட்கள் பறந்து போய் வேலையை முடிப்பார்கள் என்று எழுதினார்.

பேர் ஊமை. புகழ் ஊமையாகவில்லை. பேரினால் மனிதன் உயர்வதில்லை. மனிதனால்தான் பேர் உயர்கிறது.

வாலேஸ்வரன் யார்?

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் 1872-ம் ஆண்டு பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர். சிறையில் செக்கு இழுத்தவர்.

அவர் தம்முடைய மகன் ஒருவருக்கு வைத்த பேர் வாலேஸ்வரன்!

இது எந்த ஊர்ச் சாமி பேர்? சாமி பேரே இல்லை. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் பேர்!

கப்பலோட்டிய தமிழன் தன் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் பேரை வைப்பதா? கதை தெரியாதவர் இப்படித்தான் கேட்பார். கதையைக் கேட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

சிறைக்குப் போனதால் சிதம்பரனார் வக்கீல் தொழில் செய்யும் உரிமையை இழந்தார். வெளியே வந்த பிறகு குடும்பம் வறுமையில் வாடியது. பறிபோன உரிமை திரும்பக் கிடைப்பதற்கு உதவியவர் வாலஸ். அதன் பிறகுதான் சிதம்பரனார் கோவில்பட்டியில் மறுபடியும் வக்கீலாக உட்கார்ந்தார். வீட்டில் அடுப்பு எரிய வழி செய்தவரின் பேரை மகனுக்கு வைத்தார்.

அவர் எதிர்த்தது அந்நிய ஆட்சியை. நன்றி காட்டியது நல்ல மனிதருக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பெரிய மனசு அந்த ஒரு பேருக்குள் இருக்கிறது.

"உனக்கு இந்தப் பேரா?"

பேரைப் பற்றிய பேச்சில் மிகவும் கொடியது ஒன்று உண்டு. "உனக்கு இந்தப் பேரா?" என்பதுதான் அது.

கூலி வேலை செய்கிறவர் தன் மகனுக்கு ராஜா என்றோ துரை என்றோ பேர் வைத்தால், பண்ணை வீட்டார் ஏளனம் செய்த காலம் இருந்தது. முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட மனம் வராமல், பாதியாக வெட்டிக் கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். தொட்டில் பக்கத்தில் கேட்கும் கேலிக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். அடுத்தவன் பிள்ளை என் அளவுக்கு உயரக்கூடாது என்ற எண்ணமே அந்த வேர்.

அந்த வேரை வளரவிட்டால் என்ன ஆகும்? 1997-ம் ஆண்டில் தென் மாவட்டங்கள் பார்த்தன.

கட்டபொம்மனின் படையில் இருந்தவர் சுந்தரலிங்கம். கவர்ணகிரியைச் சேர்ந்தவர். எதிரியின் வெடிமருந்துக் கிடங்கை அழித்துத் தன் உயிரையும் கொடுத்தார் என்று மக்கள் போற்றுகிறார்கள். அவருடைய பேரை அரசாங்கம் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தது. அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் சொன்னார்கள். கலவரம் மூண்டது. உயிர்கள் போயின.

கடைசியில், எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பேர்களை அரசாங்கம் எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், திருநெல்வேலி மாவட்டம் ஆயிற்று. சிதம்பரனார் மாவட்டம், தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று.

ஒருவர் பேரைச் சகிக்க முடியாமல் போனதால் எல்லோர் பேரும் போயிற்று!

எப்போது சொல்லலாம்?

அப்படியானால் பேரைப் பற்றி வாயே திறக்கக்கூடாதா? ஓர் இடத்தில் திறக்கலாம். திறக்கத்தான் வேண்டும்.

அடுத்தடுத்துப் பெண் பிறந்தால், "வேண்டாம்" என்றும் "போதும்பொண்ணு" என்றும் பேர் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம்!

குப்பம்மாள் என்பது பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வைத்த பேர். வேண்டாம் என்பது பிள்ளையே வேண்டாம் என்று வைத்த பேர். இரண்டும் ஒன்றல்ல.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தினமும் காலையில் "வேண்டாம்" என்று கூப்பிட வேண்டும். அந்தப் பெண் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்க வேண்டும். இதைவிடத் தண்டனை வேறு உண்டா?

ஆகவே அளவுகோல் எளிது. பேர் உங்கள் காதைக் குத்தினால் சும்மா இருங்கள். பேர் பிள்ளையின் மனதைக் குத்தும் என்றால் சொல்லுங்கள். அதையும் பெற்றவர்களைத் தனியே கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் சொல்லாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஊர் பேசுகிறதே என்று பெற்றோர் அவசரப்பட்டுப் பேரை மாற்ற வேண்டியதில்லை. யோசிப்பதற்குச் சட்டமே நேரம் கொடுக்கிறது.

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அப்போது பேர் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை. பேர் இல்லாமலே பதிவு செய்யலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்த்துக் கொள்ளலாம். அதற்குப் பிறகும் கட்டணம் கட்டி, 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். பிள்ளை வளர்ந்த பிறகு அந்தப் பேர் பிடிக்கவில்லை என்றால், அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

இன்னொன்றும் செய்யலாம். அந்தப் பேரை ஏன் வைத்தோம் என்ற கதையைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கதை தெரிந்த பிள்ளை கேலிக்குப் பயப்படாது. "எங்க தாத்தா பேரு" என்று நிமிர்ந்து சொல்லும்.

உழுதும் அழியாத பேர்

1801-ம் ஆண்டு கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டம் ஆக்கியது. அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். அதோடு ஆத்திரம் தீரவில்லை. பாஞ்சாலங்குறிச்சி என்ற பேரே இருக்கக்கூடாது என்று அரசாங்கக் கணக்குகளிலிருந்து அந்த ஊர்ப் பேரை அடித்துவிட்டார்கள்.

பேர் அழிந்ததா? இல்லை. காகிதத்தில் அடித்த பேரை மக்கள் நாக்கில் எழுதி வைத்தார்கள். கூத்திலும் கும்மியிலும் அது வாழ்ந்தது. 1959-ல் வந்த கட்டபொம்மன் படம் அதைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டு போனது. 1974-ல் தமிழ்நாடு அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியது. மாவட்டத்திலிருந்து எடுத்த கட்டபொம்மன் பேரும், எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் பேராக இன்றும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறது.

பீரங்கியால் அழிக்க முடியாத பேரை, ஒரு சிரிப்பால் அழித்துவிட முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு தாயின் மனதைப் புண்படுத்த முடியும்.

அடுத்த தடவை தொட்டில் பக்கத்தில் நின்று, "என்ன பேர்?" என்று கேட்கிறவர்கள், பதில் வந்ததும் இன்னொரு கேள்வி கேட்கட்டும். "யார் நினைவாக வைத்தீர்கள்?" என்று கேட்கட்டும். அந்தத் தாய் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டு, அதே பேரைச் சொல்லி, "நூறு வருஷம் நல்லா இரு" என்று பிள்ளையை வாழ்த்திவிட்டு வரட்டும்.