ப்ளூ-ரே: பளபளப்பெல்லாம் தரமல்ல!

கடையில் டிவி வாங்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வரிசையாக இருக்கும் பத்து டிவியில் எது அதிகமாகப் பளிச்சிடுகிறதோ, அதன் முன்னால்தான் கூட்டம் நிற்கும். ப்ளூ-ரே தட்டுக்கு மார்க் போடுவதும் இப்படித்தான் நடக்கிறது. "படம் கண்ணாடி மாதிரி இருக்குப்பா" என்றால் ஐந்துக்கு ஐந்து! ஆனால் கண்ணாடி மாதிரி இருப்பதல்ல தரம். எடுத்தவர் எடுத்தபடி இருப்பதுதான் தரம்.

முதலில் கணக்கு. நம் ஊர் பால் முறை டிவிடியில் ஒரு ஃப்ரேமுக்கு 720 x 576 புள்ளிகள். 2006ல் விற்பனைக்கு வந்த ப்ளூ-ரேயில் 1920 x 1080. சரியாக ஐந்து மடங்கு. இரண்டு அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி கொள்ளும், ப்ளூ-ரேயில் 50 ஜிபி. இடம் தாராளம்தான். ஆனால் பாத்திரம் பெரிதாக இருந்தால் மட்டும் சோறு ருசிக்குமா?

ஃபிலிமில் எடுத்த படத்தில் நுண்ணிய துகள்கள் அசைந்துகொண்டே இருக்கும். கிரெய்ன் என்பார்கள். அது அழுக்கு அல்ல, ஃபிலிமின் இயல்பு. அதை அழுக்கென்று நினைத்து மென்பொருளால் துடைத்தால் என்ன ஆகும்? 1987ல் வந்த 'பிரடேட்டர்' படத்தின் 2010 ப்ளூ-ரேயைப் பாருங்கள். துகளோடு முகத்தின் ரேகைகளும் போய், அர்னால்ட் மெழுகு பொம்மையாக நிற்கிறார்.

வெள்ளிமலைக்காரர்களுக்கு இதைச் சோதிக்கும் அளவுகோல் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலையின் பெரியார் அருவி! முந்தைய ஃப்ரேமில் இருந்ததையே திரும்பப் பயன்படுத்தித்தான் வீடியோவின் அளவைச் சுருக்குகிறார்கள். விழும் தண்ணீரோ ஒரு கணம் இருந்ததுபோல் மறுகணம் இருக்காது. அதனால் ஒரு படத்தில் அருவிக் காட்சி வரும்போது உற்றுப் பாருங்கள். தண்ணீர் சதுரம் சதுரமாக உடைந்தால், அளவை மிஞ்சிச் சுருக்கியிருக்கிறார்கள். சாரலே காணாமல் வெள்ளைத் துணி தொங்கினால், அளவை மிஞ்சித் துடைத்திருக்கிறார்கள். காதுக்கும் அதே சோதனைதான். அருவிக்கு அருகில் நின்றவருக்கு இரைச்சலுக்குள்ளே பாறையில் தெறிக்கும் சத்தம் தனியாகக் கேட்கும். எல்லாம் ஒரே 'ஷ்ஷ்' என்று கேட்டால் அந்த ஒலி தேறாது.

ஒலியில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்று அட்டையில் இருந்தால், கொடுத்த ஒலி துளியும் குறையாமல் வந்திருக்கிறது என்று பொருள். கொடுத்ததே நல்ல ஒலியா என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. 1964ல் வந்த 'கர்ணன்', டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு, டிடிஎஸ் ஒலியோடு 2012 மார்ச்சில் மறுபடி வெளியாகிச் சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. பழைய படத்துக்கு இன்றும் ஆள் இருக்கிறது என்று காட்டிய வெற்றி அது. ஆனால் பழைய படங்களைத் தட்டில் கொண்டுவரும்போது புது 5.1 ஒலியோடு பழைய மோனோ ஒலியையும் தருவதுதான் நியாயம். தட்டில் அதற்கு இடமா இல்லை?

"கிரெய்னோடு பார்க்க இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது?" என்று கேட்கலாம். கீறல், தூசி, கறை எல்லாவற்றையும் தாராளமாக நீக்கட்டும். அவை பின்னால் ஒட்டியவை. கிரெய்ன் படத்தோடு பிறந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் நாம் பளபளப்புக்கே மார்க் போட்டால், விற்பவர்களும் அதையே செய்து தருவார்கள்.

இதில் இழப்பு பெரியது. தமிழின் பழைய படங்கள் பலவற்றுக்கு மூல நெகட்டிவே இன்று இல்லை. மிஞ்சிய பிரதியிலிருந்து ஒருமுறை எடுப்பதுதான் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். அதில் சிவாஜியின் முகத்துச் சுருக்கத்தைத் துடைத்துவிட்டால், பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவது சிவாஜியை அல்ல, மெழுகு பொம்மையைத்தான்.