கடனுக்கு முன் ஓர் இடம் கொடுங்கள்

மலேசிய இந்தியப் பெண்களின் வீட்டுத் தொழிலுக்கு அரசாங்கம் ஒதுக்கும் கடன் தொகை கூடிக்கொண்டு வருகிறது. 2024-ஆம் ஆண்டில் சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியார் மலேசியா வழியாக ‘பெண்’ திட்டத்துக்கு 5 கோடி வெள்ளி அறிவித்தார்கள். சிறு தொழிலுக்குக் கடன் தரும் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டத்துக்குக் கூடுதலாக 3 கோடி வெள்ளி வந்தது. படித்தபோது மனம் நிறைந்தது. நம் பெண்களின் அடுப்படி உழைப்பை ஒரு தொழிலாக யாராவது மதிக்க மாட்டார்களா என்று ஏங்கியவர்களில் நானும் ஒருத்தி.

நான் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அங்கேயே வாழ்க்கைப்பட்டேன். அம்மா பால்வெட்டுக்காரர், கணவர் செம்பனைக் குலை அறுப்பவர். லயத்து வீட்டுக் குசினியில் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி செய்து விற்கிறேன். பிள்ளைகள் படித்தது இந்த வருமானத்தில்தான். ஆகவே வீட்டுத் தொழில் வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். கடன் கொடுக்கிறவர்கள் கண்ணில் இன்னும் படாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாங்கள் தொழில் செய்யும் வீடு எங்களுடையது அல்ல.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் வயதுப் பெண்கள் தோட்ட வேலையை விட்டபோது போன இடம் செனாவாங் தொழிற்சாலைகள். விடியும் முன்பே பாக்டரி பஸ் வந்து நிற்கும். ஷிப்ட் முடிந்து இறங்கும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று நாள் சிரம்பானுக்கு டயாலிசிஸ் அழைத்துப்போக வேண்டியிருந்தது. எந்த முதலாளி எனக்கு அத்தனை நாள் விடுப்பு தருவான்? அடுப்பு எனக்காகக் காத்திருந்தது. காலையில் மாவு பிசைந்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வந்து பிழிந்திருக்கிறேன். மாமியார் கடைசிவரை எங்கள் வீட்டில், எங்கள் கையால் சாப்பிட்டுத்தான் கண்ணை மூடினார். இதற்கு விலை போட எனக்குத் தெரியாது.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு எங்கள் லயத்தில் பல வீடுகளில் உலை கொதித்தது பெண்களின் கைவேலையால்தான். ஒருத்தி முகக்கவசம் தைத்தாள், ஒருத்தி இட்லி மாவு அரைத்துக் கொடுத்தாள். பேராக்கில், தோட்ட வேலை செய்த குடும்பத்துப் பெண் பவித்ரா தன் சமையலை மலாய் மொழியில் பேசிப் படம் பிடித்துப் போட்டு நாடறிந்தவர் ஆனதும் அதே ஆண்டில்தான். எங்கள் குசினி போன்ற ஒரு குசினியை நாடே பார்க்கிறது என்று நாங்கள் பூரித்தோம்.

இனி, எங்களைப் பின்னுக்கு இழுப்பவை. கையில் காசு எப்போது வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமானா இக்தியார் 1987-இல் வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி முறையைப் பின்பற்றித் தொடங்கப்பட்டது. ஈடு கேட்காமல், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்து, வாரந்தோறும் திருப்பி வாங்குவது அதன் வழி. வட்டி முதலைகளிடம் சிக்கிய எத்தனையோ குடும்பங்களை அது கரையேற்றியிருக்கிறது. ஆனால் தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. “அக்கா, சம்பளத்துக்குத் தர்றேன்” என்றுதான் எல்லாரும் முறுக்கு எடுத்துப் போவார்கள். தீபாவளிக்கு எடுத்தவர் அடுத்த சம்பளத்தில் கொடுப்பார். எனக்கு வருவது மாதக் கணக்கு, நான் கட்ட வேண்டியது வாரக் கணக்கு. நடுவில் உள்ள வாரங்களுக்கு நகையை அடகு வைக்கிறோம், அல்லது சீட்டுப் பணத்தை எடுக்கிறோம். லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது. தோட்டத்துப் பெண்களுக்குச் சம்பள நாளை ஒட்டி மாதத் தவணை வைத்தால் கடன் அதே கடன்தான், பலன் இரண்டு மடங்கு.

அடுத்தது உழைப்பின் விலை. மாவு, உளுந்து, எண்ணெய், காஸ் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறோம். அடுப்பு முன் நின்ற நேரத்துக்கு எழுதுவதில்லை. வீட்டில்தானே இருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். நாமும் அப்படியே நினைத்துவிடுகிறோம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. மணிக்குப் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு. சொந்தத் தொழில் செய்கிறவளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுதான். ஆனாலும் நான் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஒரு போத்தல் முறுக்குக்கு ஆகும் நேரத்தை அந்தக் கணக்கில் போட்டு விலை வைத்தேன். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சிலர் வாங்குவதை நிறுத்தினார்கள். வாங்கினவர்கள் மட்டும் போதும் என்று ஆனபோதுதான் என் தொழில் நிமிர்ந்தது. நம் பெண்கள் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 8 வெள்ளி 72 காசுக்குக் கீழே போனால், அங்கே நாம் வியாபாரம் செய்யவில்லை, இலவசமாக உழைக்கிறோம்.

காஸ் தோங் (சிலிண்டர்) விஷயத்தையும் சொல்ல வேண்டும். 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 காசு. அது வீட்டுக்கான மானிய விலை. 2025 மே மாதம் உள்நாட்டு வாணிப அமைச்சு மானியத் தோங் தவறாகப் பயன்படுவதைத் தடுக்க ‘ஓப்ஸ் காசாக்’ சோதனையைத் தொடங்கியபோது, சமைத்து விற்கும் சிறு வியாபாரிகள் எல்லாரும் நடுங்கிப்போனோம். நான் வீடா, கடையா? எந்தத் தோங்கை வாங்க வேண்டும்? சிறு வியாபாரிகள் மானியத் தோங்கையே பயன்படுத்தலாம் என்று பிறகு அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அந்தச் சில வாரங்களில் எங்கள் நிலை எங்களுக்கே தெளிவாகத் தெரிந்தது. வீட்டுச் சட்டமும் எங்களை முழுதாகச் சேர்த்துக்கொள்வதில்லை, கடைச் சட்டமும் சேர்த்துக்கொள்வதில்லை.

இதன் வேர் வீட்டில் இருக்கிறது. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு ஓர் உரிமையையும் அது தரவில்லை. முதலாளி யார் என்பதும் நம் கையில் இல்லை. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி தோட்ட நிறுவனம் வெள்ளைக்காரர்களிடமிருந்து மலேசியர் கைக்கு வந்தது. நாட்டுக்கு அது பெருமையான நாள். லயத்தில் இருந்தவர்களுக்கு வீட்டின் சொந்தக்காரர் மாறினார், அவ்வளவுதான்.

தொழிலை முறைப்படுத்தப் போனபோதுதான் வீடு நமதல்ல என்பது உறைத்தது. நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தொழிலைப் பதிவது கடினம் அல்ல. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டேன், உணவு கையாளுவோர் பயிற்சிக்கும் போய் வந்தேன். இதெல்லாம் என் கையில் இருந்தவை. ஊராட்சியில் உரிமம் கேட்டுப் போனபோது, முகப்பில் இருந்த பெண் அன்பாகத்தான் கேட்டார்: “வீட்டுச் சொந்தக்காரரின் ஒப்புதல் கடிதம் இருக்கிறதா?” தோட்ட ஆபீசில் கேட்டேன். தொழிலாளர் குடியிருப்பில் வியாபாரம் செய்யக் கடிதம் கொடுக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்றார்கள், மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார்கள். பதில் வரவில்லை. உரிமம் இல்லாததால் சூப்பர் மார்க்கெட் என் பொருளை எடுக்காது. பெரிய கடனுக்கும் விண்ணப்பிக்க முடியாது. சுகாதார அமைச்சின் மெஸ்தி உணவுப் பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றி யோசிக்கவே முடியாது. அதற்குச் சமைக்குமிடம் தனியாகவும் முறையாகவும் இருக்க வேண்டும். ஓட்டுக் கூரையும் ஒரே அறையுமாக இருக்கும் லயத்துக் குசினியில் அதை எப்படிச் செய்வது?

என் கணவருக்கு 60 வயது நெருங்குகிறது. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு அவர் வேலையோடு என் தொழிலும் முடியும். எனக்கு ஓய்வு வயது வரவில்லை, கையில் பலமும் இருக்கிறது. ஆனாலும் என் தொழிலின் முகவரி அவர் பெயரில் கிடைத்த கம்பெனி வீடு. வீட்டிலிருந்து தொழில் செய்யும் தோட்டத்துப் பெண் ஒவ்வொருத்தியின் தொழிலுக்கும் ஆயுள் இன்னொருவரின் வேலைவரைதான். எந்தக் கடன் திட்டத்தின் பாரத்திலும் இதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

சொந்த வீடு கிடைக்கும்வரை காத்திரு என்று சொல்வார்கள். சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் நைகல் கார்ட்னர், மேரி, புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய 5 தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுக்கு மேல் போராடின. 2023-இல்தான் அங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஒரு பெண் தொழில் செய்யக்கூடிய வயது அந்த 20 ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

வீடு கொடுக்கக் காலமாகும். அதுவரை ஒரு சமையல்கூடம் கொடுக்கலாம் அல்லவா? எந்தத் தோட்டத்துக்குள் போனாலும் சும்மா கிடக்கும் கட்டடங்களைப் பார்க்கலாம். பிள்ளைகள் குறைந்ததால் பூட்டிய ஆயாக் கொட்டகை, நர்ஸ் இல்லாத பழைய கிளினிக், இடம் மாறிப்போன தமிழ்ப்பள்ளியின் பழைய வகுப்பறைகள். சுவர் உறுதியாக இருக்கிறது, தண்ணீரும் கரண்டும் வந்துகொண்டிருந்த இடங்கள். அவற்றில் ஒன்றைச் சீர்படுத்தி, ஓடு பதித்து, புகைபோக்கி வைத்து, ஊராட்சியின் உரிமத்தோடு பொதுச் சமையல்கூடமாகத் திறந்துவிட்டால், ஐந்தாறு பெண்கள் முறை வைத்துச் சமைக்கலாம். உரிமம் அந்தக் கட்டடத்தின் பெயரில் இருக்கும். புருஷன் ஓய்வு பெற்றாலும் ஒரு பெண் தாமானிலிருந்து வந்து தன் தொழிலைத் தொடரலாம். அவளுடைய வீடும் மறுபடி வீடாகும். பிள்ளை படிக்கும் மேசையில் எண்ணெய்ச் சட்டி இருக்காது.

இது நடக்காத கனவல்ல. பம்பாயில் 1959 மார்ச் 15-ஆம் தேதி 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத் பாப்பட். மாவு பிசைவது பொது இடத்தில், தேய்ப்பதும் காயவைப்பதும் அவரவர் வீட்டில், மறுநாள் கொண்டுவந்து தரம் பார்த்துக் கூலி வாங்கிக்கொள்வது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் பங்காளிகள். இன்று அந்த அப்பளம் நம் ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. அவர்கள் வீட்டு வேலையின் நன்மையை விடவில்லை. வீட்டால் முடியாததைப் பொது இடத்தில் செய்தார்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கும் பெண்கள் இன்றே செய்யக்கூடியது. எண்ணெய்ச் சட்டி முன் நிற்கிறவளுக்குச் சுட்டுக்கொள்வது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். 55 வயதுக்கு உட்பட்ட குடும்பப் பெண்களுக்குப் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் ஒரு பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால் போதும். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் சேமநிதி வாரியமான இபிஎஃப்பின் ஐ-சரான் திட்டத்தில் தாமாகச் சேமித்தால், 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துக் கொடுக்கிறது. எங்கள் லயத்தில் பலருக்கு இரண்டுமே தெரியாமல் இருந்தது. கடன் திட்டங்களுக்குக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் கடன் பாரத்தோடு இந்த இரண்டு பாரங்களையும் கொண்டுவரட்டும்.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கிறேன். தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் சிறுதொழில் செய்ய ஒப்புதல் கடிதம் கொடுக்க மேலாளருக்கு அதிகாரம் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தைத் திறந்துவிடுங்கள்; நில உரிமை உங்களிடமே இருக்கட்டும். சிரம்பான் மாநகர் மன்றமும் போர்ட்டிக்சன், ஜெம்போல், தம்பின், ரெம்பாவ் ஊராட்சிகளும் தோட்டப் பொதுச் சமையல்கூடத்துக்கென்று ஓர் எளிய உரிமத்தை வகுக்க வேண்டும். இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா தன் மானியத்தில் ஒரு பகுதியை இந்தக் கட்டடங்களைச் சீர்படுத்த ஒதுக்க வேண்டும். நெகிரி செம்பிலானில் ஒரே ஒரு தோட்டத்தில் இதைத் தொடங்கிப் பாருங்கள். மாவு பிசைய நாங்கள் தயாராக இருக்கிறோம்.