உயிர் உரத்துக்கு முன்னால் ஈரம்

பழனி மலையில் பீன்ஸ், பட்டர் பீன்ஸ், அவரை போடுகிற நண்பர்கள் கூடினால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் என்ன விலை, ரைசோபியம் எங்கே கிடைக்கும் என்றுதான் பேச்சு. மண்ணில் ஈரம் எப்படி இருக்குன்னு யாரும் கேட்கிறதில்லை. என்னைக் கேட்டால், பயறு வகைப் பயிருக்கு முதல் கேள்வியே அதுதான்.

காரணம் வேர் முடிச்சு. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகிற நுண்ணுயிர் அங்கேதான் குடியிருக்கு. வேலை செய்கிற முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். மண் காயத் தொடங்கினால் முடிச்சின் வேலை சுணங்கிவிடும். தண்ணீர் தேங்கினாலும் காற்றில்லாமல் அதே கதிதான். ஈரம் சரியில்லாத நிலத்தில் போடுகிற உயிர் உரம், கணக்கில் வரவு ஆகாத பணம்.

எல்லா நாள் ஈரத்துக்கும் ஒரே மதிப்பு கிடையாது. பூ எடுப்பதிலிருந்து காய் திரளும் வரை உள்ள நாட்கள்தான் மகசூலைத் தீர்மானிக்கும். செடி பீன்ஸில் இது விதைத்த 35, 40 நாளில் தொடங்கிடும். அப்போது காய்ந்தால் பூ கொட்டும், காய் வளைந்து சிறுத்துப்போகும். அதற்குப் பிறகு தண்ணீர் விட்டு முழு இழப்பையும் ஈடுகட்ட முடியாது.

மலையில் பனிமூட்டமும் நம்மை ஏமாற்றும். தை, மாசியில் காலையில் மேல்மண் நனைந்திருக்கும். ஒரு சாண் தோண்டினால் புழுதி. அந்த ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்க. உருண்டையாக நின்றால் போதும். உதிர்ந்தால் தண்ணீர் வேணும். விரலிடுக்கில் கசிந்தால் அதிகம்.

வங்கியில் விவசாயக் கடன் பார்த்தவன் நான். போர்வெல்லுக்கும் மோட்டாருக்கும் வந்தவர்கள் ஏராளம். மண்ணில் ஈரத்தை நிறுத்தணும்னு ஒருத்தரும் வந்ததில்லை. 2016-ஐ ஐ.நா. சர்வதேசப் பயறு ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நிலத்தடியில் நீர் இல்லாத வருசத்தில் மோட்டார் எதை இறைக்கும்?

பெய்கிற மழையை மண்ணிலேயே சேமிக்கணும். சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடுங்க. மட்கிய தொழு உரம் கொடுங்க. கூட்டிக் கொளுத்துகிற சில்வர் ஓக் இலையை, தண்டை ஒட்டாமல் மூடாக்காகப் பரப்புங்க. பூக்கிற நாட்களில் ஈரம் இருக்குமா என்று எண்ணி விதைப்புத் தேதியைக் குறியுங்க.

இது நம் ஒருத்தர் தோட்டத்து விசயம் மட்டும் இல்லை. மேலே இருக்கிறவர் ஓடையில் ஹோஸ் போட்டு இழுத்தால் கீழே இருக்கிறவருக்குக் குடிக்கவும் இருக்காது. நம்ம மண்ணில் எவ்வளவு ஈரம் நிற்குதோ, அவ்வளவு தண்ணீர் ஓடையில் அவங்களுக்கு மிச்சம்.