கற்பனைப் பாம்பும் வரப்புப் பாம்பும்
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தி)



சென்ற ஆண்டு நம் பள்ளி ஆண்டு விழாவன்று, மேடைக்குப் பின்னால் என் தோழி ஒருத்திக்கு நாட்டிய அலங்காரம் செய்துகொண்டிருந்தோம். உச்சந்தலையில் ராக்கொடி வைத்து, அதன் கீழே சடைநாகத்தைப் பின்னலோடு சேர்த்து இழுத்துக் கட்டினோம். அவள் “மெதுவா, மெதுவா” என்று கண்ணீர் விட்டாள். அப்போது அந்தப் பக்கம் வந்த சிறுமி ஒருத்தி, “ஐயோ, அக்கா தலையில் பாம்பு!” என்று அலறிக்கொண்டு ஓடினாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று இரவே என் மனத்தில் ‘குழல்நாகர்’ என்னும் இனம் பிறந்துவிட்டது.

முக்கடலுக்கும் அப்பால் ஒரு தீவு. அங்கே வாழும் மக்களுக்குத் தலைமயிருக்குப் பதிலாகப் பாம்புகள். எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் இதைத் தொடர்கதையாக எழுதத் தொடங்கினேன். தமிழாசிரியை பார்த்துவிட்டு, “குழல் கூட்டல் நாகர், குழனாகர் அல்லவா?” என்று சிவப்பு மையால் திருத்தினார். இலக்கணப்படி அவர் சொன்னதே சரி. ஆனால் குழனாகர் என்றால் படிக்கிறவர்களுக்குக் குழலும் தெரியாது, நாகமும் தெரியாது என்று கெஞ்சி, பழைய பெயரையே வைத்துக்கொண்டேன்.

பெயர் வைத்தாயிற்று, இனி அவர்களுக்கு ஒரு வரலாறு வேண்டுமே! நூலகத்தில் கிரேக்கப் புராணக் கதைகளைத் தேடிப் படித்தேன். அங்கே கார்கன்கள் என்று மூன்று சகோதரிகள். தலையெல்லாம் பாம்பு, கண்டவர் கல்லாவர். மூவரில் மெடூசா மட்டுமே சாகக்கூடியவள். கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியோட் என்னும் கவிஞர் அவர்களைக் கடல் தெய்வங்களின் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பல நூற்றாண்டு கழித்து, கி.பி. 8 அளவில் கவி இயற்றிய ரோமானியராகிய ஆவிட், மெடூசா அழகிய கூந்தலுடைய பெண்ணாயிருந்தாள் என்றும், கோவிலுக்குள் கடல் தெய்வம் அவளுக்கு இழைத்த தீங்குக்காக அவளுடைய கூந்தலே பாம்பாக மாற்றப்பட்டது என்றும் மாற்றிச் சொன்னார். தீங்கு செய்தவன் ஒருவன், தண்டனை பெற்றவள் மற்றொருத்தி! இதைப் படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. என் குழல்நாகரை யாரும் சபிக்கக் கூடாது, அவர்கள் பிறவியிலேயே அப்படித்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஆதரவு நம் நாஞ்சில் நாட்டிலேயே கிடைத்தது. மெடூசாவின் தலையில் அவமானமாக இருக்கும் பாம்பு, நம் ஊரில் மணப்பெண்ணுக்கும் நாட்டியப் பெண்ணுக்கும் அலங்காரமன்றோ? நாகர்கோவிலை அடுத்த வடசேரியில், வெள்ளியில் செய்து பொன்தகடு போர்த்திக் கெம்புக் கற்கள் பதிக்கும் கோயில் நகைகள் செய்கிறார்கள். சடைநாகமும் அவற்றில் ஒன்று. நாகர்கோவில் என்ற பெயரே நாகராஜர் கோவிலால் வந்தது. அக்கோவிலில் நாகராஜர் வீற்றிருக்கும் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். அங்கே பிரசாதமாகக் கொடுப்பது மண். அதே கோவில் தூண்களில் சமண தீர்த்தங்கரர்களின் உருவங்களும் இருக்கின்றன. பார்சுவநாதரின் தலைக்கு மேல் நாகம் குடைபோலப் படம் விரித்திருக்கிறது. சிதறால் மலையிலும் அப்படியே. நம் மறைநூலிலும் மோசே பாலைவனத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பு உண்டு. மெடூசாவைப் பார்த்தவர் கல்லானார்; மோசேயின் பாம்பைப் பார்த்தவர் பிழைத்தார். மாதா சுரூபத்தின் பாதத்தடியில் நசுங்கிக் கிடப்பதும் பாம்புதான். ஒரே பிராணியை மனிதர் எத்தனை விதமாகக் கண்டிருக்கிறார்கள் பாருங்கள்!

ஆகவே நான் மிகுந்த உற்சாகத்தோடு எழுதினேன். குழல்நாகப் பெண்கள் பாலைக் குடிப்பார்கள். பௌர்ணமியன்று அவர்கள் தலையில் நாகரத்தினம் ஒளிரும். தங்கள் குலத்தைத் தீண்டியவனைப் பன்னிரண்டு ஆண்டானாலும் தேடி வந்து பழிவாங்குவார்கள். மூன்றாம் பாகத்தில் ஒரு கட்டம். தீவுக்கு வந்த மாலுமிச் சிறுவனைப் பாம்பு கடித்துவிடுகிறது. குழல்நாகரின் இளவரசி கடிவாயில் தன் வாயை வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்பி அவனைக் காப்பாற்றுகிறாள். இதைப் படித்து வகுப்பே உருகியது. கையெழுத்துப் பத்திரிகை மற்ற வகுப்புகளுக்கும் சென்றது. நான் பெருமையில் மிதந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் தம்பியோடு வயல் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். தம்பியின் காலில் ஏதோ கடித்துவிட்டு நீரில் நழுவிப் போயிற்று. அவள் கத்தவில்லை, ஆளைக் கூப்பிட ஓடவும் இல்லை. சேற்றில் மண்டியிட்டு, அவன் காலில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பத் தொடங்கிவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ! வழியில் போன ஒருவர் கண்டு இருவரையும் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். கடித்தது விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு என்று பிறகு தெரிந்தது. ஆயினும் விடியும்வரை இருவரையும் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர்ப் பாம்பு கடித்தாலும் ராச்சோறு முடங்கும் என்று மலையாளத்தார் சொல்வது அன்று சரியாயிற்று.

“இப்படிச் செய்ய உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?” என்று டாக்டர் கேட்டாராம். “பத்தாம் வகுப்பு அக்கா எழுதியிருந்தாங்க” என்றாளாம் அவள்.

மறுநாள் இது என் காதுக்கு வந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாயிருந்தது. வீட்டில் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டுத் தன் அத்தை மகளைப் பற்றிச் சொன்னார். அதுவரை அந்தப் பெயரையே நான் கேட்டதில்லை. திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தவள் நடு இரவில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தாளாம். கையில் கொசு கடித்தாற்போல் இரண்டு புள்ளி. விஷம் இறக்குகிறவரைக் கூட்டி வந்தார்கள். அவர் வேப்பிலையைக் கொடுத்து மெல்லச் சொன்னார். கசக்கிறது என்றாள். கசந்தால் விஷமில்லை என்பது ஊர் நம்பிக்கை.

“வீக்கமில்லாத கடி பூச்சிக்கடிதான்னு சொல்லி படுக்க வச்சாவ, மக்களே. விடியுமுன்ன கண்ணு ரெண்டும் தானா மூடிப்போச்சு. பொறவு மூச்சும் நின்னுபோச்சு. உன் வயசுதான் அவளுக்கு.”

அது கட்டுவிரியன் கடியாயிருக்கும் என்று, புத்தகங்களைப் படித்த பிறகு நான் நினைக்கிறேன். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குகிறவர்களைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இராது. வயிற்று வலி வரும், இமைகள் தொங்கும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வேப்பிலைக் கதையைக் கட்டியவர் யாரோ, எப்போதோ! அவரும் யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார். என்னைப் போலவே, கேட்பவர் வாய் பிளக்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்.

இதைப் பற்றி என் தோழிக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. சடைநாகம் கட்டிக்கொண்டு அழுதாளே, அவள்தான். “கதை என்றாலே பொய்தானே? தலையில் பாம்பு முளைப்பது மட்டும் உண்மையா? கண்ணால் பார்த்தால் கல்லாவது உண்மையா? இப்படிப் பார்த்தால் ஒரு தேவதைக் கதைகூட எழுத முடியாது” என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வாரம் எனக்குப் பதில் தோன்றவில்லை.

பிறகு தோன்றிய பதில் இது. கல்லாக்கும் கண்ணைப் பற்றிப் படித்த எந்தப் பிள்ளையும் நாளைக்கே போய் யாரையும் கல்லாக்கப் போவதில்லை. அந்தப் பொய் புத்தகத்துக்குள்ளேயே இருந்துவிடும். ஆனால் கடிவாயில் வாய் வைப்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையால் செய்ய முடியும், செய்தும்விட்டாள். வாசகர் தம் கையால் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைக் கதையில் வைக்கும்போது, அந்த இடத்தில் மட்டும் எழுதுகிறவர் பொய் சொல்லக் கூடாது. மற்ற இடங்களில் வானமே இடிந்து விழட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை. தோழி இதைப் பாதிதான் ஒப்புக்கொண்டாள். நாகரத்தினத்தை மட்டும் எடுத்துவிடாதே என்றாள். எடுக்கவில்லை.

இது வீண் பயமா? 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். அதாவது கதை படிக்கும் வயதினர். கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் விஷமுறிவு மருந்து உண்டு. பெற்றோர்கள் இந்த ஒரு வாக்கியத்தையாவது தயவுசெய்து வீட்டில் சொல்லி வைக்க வேண்டுகிறேன்.

குழல்நாகரை நான் கைவிடவில்லை. மூன்றாம் பாகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். இம்முறை முதலில் உண்மையான பாம்பைப் பற்றிப் படித்தேன். என்ன ஆச்சரியம்! உண்மை என் கற்பனையைவிட விசித்திரமாயிருந்தது.

பாம்புக்கு இமையே கிடையாது. கண்ணை ஒரு கண்ணாடிச் செதில் மூடியிருக்கிறது. அதனால்தான் அது இமைக்காமல் பார்க்கிறது. மெடூசாவின் பார்வையை அந்நாளில் யாரோ இங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம். சட்டை உரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அந்தக் கண்ணாடி பால் போல் மங்கிவிடும், பார்வை மறைக்கும். ஆகவே என் புதிய கதையில், குழல்நாகர் கூந்தல் உரிக்கும் வாரத்தில் கண் தெரியாமல் இருப்பார்கள். அந்த வாரம் அயலார்தான் அவர்களைக் கைபிடித்து நடத்த வேண்டும். பால் குடிப்பதை எடுத்துவிட்டேன். பாம்புக்குப் பால் உணவல்ல. சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைந்து ஆடுகின்றன என்று ஊரில் சொல்வார்கள் அல்லவா? அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், வலிமையைச் சோதிக்கின்றன. குழல்நாகர் தீவில் இது ஆண்டுதோறும் நடக்கும் மல்யுத்தப் போட்டி ஆகிவிட்டது.

இளவரசியின் கட்டத்தை மாற்றுவதுதான் கடினமாயிருந்தது. அப்போது இருளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிப் படித்தேன். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் பிடித்து வந்து, மண்பானைகளில் வைத்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சில வாரங்களில் மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிரேக்கரும் மெடூசாவின் இடப்பக்கத்து இரத்தம் கொல்லும், வலப்பக்கத்து இரத்தம் பிழைப்பிக்கும் என்று ஒரு கதை வைத்திருந்தார்கள். குதிரையை மட்டும் அவர்கள் சரியான இடத்தில் வைக்கவில்லை. மெடூசாவின் கழுத்திலிருந்து பறக்கும் குதிரை பிறந்ததாகச் சொல்லிவிட்டார்கள்!

இப்போது என் இளவரசி மாலுமிச் சிறுவனின் காலைத் தொடுவதில்லை. அவனை அசையாமல் படுக்க வைத்து, கட்டுமரத்தில் ஏற்றி, குதிரை வளர்ப்போர் தீவுக்கு விடிவதற்குள் துடுப்புப் போட்டுச் செல்கிறாள். அங்கே இருக்கும் மருந்து, ஆண்டுதோறும் அவள் தலைப் பாம்புகள் பானையில் உமிழ்ந்து கொடுத்த விஷத்தால் ஆனது. போய்ச் சேர்வார்களா என்று வகுப்பு நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. முன்னைக் கட்டத்தைவிட இதுவே விறுவிறுப்பு என்று தோழியும் ஒப்புக்கொண்டாள்.

புதிய பாகத்தை முதன்முதலில் அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் கொடுத்தேன். மதிய இடைவேளையில் புளியமரத்தடியில் உட்கார்ந்து விரல் வைத்து முழுவதும் படித்தாள். என் நெஞ்சு படபடத்தது. படித்து முடித்துவிட்டு,

“அக்கா, இவங்களுக்குப் பேன் வருமா?” என்றாள்.

நான் யோசிக்காத கேள்வி. பாம்பின் செதில்களில் உண்ணி ஒட்டிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். ஆகவே, வரும் என்றேன்.

“அப்ப யாரு எடுத்து விடுவாங்க?”

அது அடுத்த பாகத்தில்.