கத்தியும் இல்லை, கோப்பையும் இல்லை

வெற்றிமாறனின் 'வடசென்னை' 2018 அக்டோபரில் வெளிவந்தபோது அதற்குக் கிடைத்தது 'ஏ' சான்றிதழ். கேரம் போர்டே கதி என்று கிடந்த அன்பு என்கிற பையன், வளரும் வயதில் யார் யாருடைய கணக்குகளுக்குள் சிக்கினான் என்பதுதான் கதை. அதே வயதில் இருந்த, வடசென்னையின் டோல்கேட், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் தியேட்டருக்குள் போய் அதைப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை.

அந்தப் படத்தின் மீது நமக்குப் பெரிய மரியாதை உண்டு. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இரவில் கடைகள் சூறையாடப்படும் காட்சி நினைவிருக்கிறதா? அன்புவும் அவன் காதலிக்கும் பத்மாவும் அங்கேதான் நெருங்குகிறார்கள். பயம், திருட்டு, காதல் மூன்றும் ஒரே தெருவில் முட்டிக்கொள்கின்றன. விடலைப் பருவம் என்றால் அதுதான். ஆனால் அந்தப் பையனைத் திரைக்கதை வெகுநேரம் பையனாக விட்டுவைப்பதில்லை. சீக்கிரமே அவன் கையில் ஆயுதம் வந்துவிடுகிறது.

நிஜத்தில் அதே கேரம் போர்டு இந்தப் பகுதியிலிருந்து உலக சாம்பியன்களைத் தந்திருக்கிறது. 2008இல் வியாசர்பாடி இளவழகி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை காசிமா. அப்போது அவருக்கு வயது 17, அப்பா ஆட்டோ ஓட்டுநர். இவர்களைப் பற்றி எத்தனை படம் வந்தாலும் தகும். ஆனால் நம் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வடசென்னைப் பிள்ளை திரையில் தெரிய வேண்டுமென்றால் ஒன்று கத்தி எடுக்க வேண்டும், இல்லை கோப்பை வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. இரண்டும் இல்லாமல் தட்டுத்தடுமாறி வளர்கிற லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கதையே இல்லையா?

பா.இரஞ்சித் 2012இல் தன் முதல் படமான 'அட்டகத்தி'யில் அந்தக் கதவைத் திறந்தார். நகரத்தின் விளிம்பில் வாழும் தினகரன் பிளஸ் டூ ஆங்கிலத்தில் தோற்றவன். பஸ்ஸில் பார்க்கிற பெண்களிடம் மனதைக் கொடுக்கிறான், அவமானப்படுகிறான், மறுநாள் மறுபடி தலைசீவிக் கிளம்பிவிடுகிறான். அவன் தோல்விகளுக்குப் பெரிய அர்த்தம் எதையும் படம் தேடவில்லை. பதின்வயதின் குழப்பத்தைக் குழப்பமாகவே காட்டும் துணிச்சல் அதில் இருந்தது. ஆனால் அந்தக் கதவு டோல்கேட்டுக்குத் திறக்கவேயில்லை.

இங்கே கதைக்கா பஞ்சம்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின. அடுத்த ஆண்டு அக்டோபரில் திருவொற்றியூர் பள்ளி ஒன்றில் வகுப்பில் இருந்த மாணவிகள் காற்றில் ஏதோ நெடி தாக்கி மயங்கி விழுந்தார்கள். சில நாள் மூடியிருந்து பள்ளியைத் திறந்தபோது மறுபடியும் விழுந்தார்கள். செய்தியில் அவர்கள் எண்ணிக்கையாக வந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு அம்மா என்ன சொல்லியிருப்பார்? படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தார்களா? பக்கத்து பெஞ்சுத் தோழியோடு இருந்த சண்டை அன்றைக்குத் தீர்ந்ததா? இதையெல்லாம் கேட்கத் திரைக்கதை எழுத்தாளர்தான் வர வேண்டும்.

2021 பிப்ரவரியிலிருந்து டோல்கேட்டில் மெட்ரோ நிற்கிறது. ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையம் வரை போகலாம். முதல் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போகிற பெண், 'எந்த ஏரியா?' என்ற கேள்விக்கு டோல்கேட் என்று சொல்வதா, பொதுவாக பாரிஸ் கார்னர் பக்கம் என்று சொல்லிவிடுவதா என்று வழியெல்லாம் யோசிப்பாள். அந்தத் தயக்கத்தை அவளுக்குள் விதைத்ததில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

'வடசென்னை'யின் உலகத்திலேயே நிகழும் 'அரசன்' படத்தை வெற்றிமாறன் அறிவித்திருக்கிறார். வரட்டும், ஆவலோடு பார்ப்போம். கூடவே தயாரிப்பாளர்களிடம் நேராக ஒரு கோரிக்கை வைக்கிறோம்: இந்தத் தெருக்களை வைத்து எடுக்கும் ஒவ்வொரு பெரிய படத்துக்கும், இதே தெருக்களில் பிறந்த ஓர் இளைஞனோ பெண்ணோ இயக்கும் ஒரு சின்னப் படத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். அதில் கொலை வேண்டாம், இறுதிச்சுற்று வெற்றியும் வேண்டாம். 'ஏ' சான்றிதழ் இல்லாமல் எடுங்கள். டோல்கேட் பிள்ளைகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கட்டும்.